இரண்டு ஏக்கரில் குடும்பப் பண்ணை: வீட்டு ஆகாரத்திற்கே முதலிடம்

இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் கைக்கு வந்தவுடன், புதிதாக விவசாயத்தில் இறங்கும் குடும்பம் செய்யும் முதற்காரியம் பெரும்பாலும் கடன் வாங்குவதாகவே இருக்கிறது. நிலம் முழுவதிலும் சின்ன வெங்காயமோ தக்காளியோ மஞ்சளோ ஒரே பயிராக வைக்கப்படுகிறது. விலை நயமாக இருப்பின் அவ்வருஷம் தப்பிவிடலாம். விலை சரிந்த வருஷத்திலோ, பறித்த கூலிக்கும் கட்டாத தக்காளி வரப்போரத்தில் கிடக்க, கடன் அப்படியே நிற்கும். அன்று அக்குடும்பத்தின் அடுப்பில் வேகும் பருப்பும், தாளிக்கும் எண்ணெயும், கடைந்த கீரையும்கூட ரொக்கம் கொடுத்து வாங்கியவையாகவே இருக்கும். நிலமுடையவர் வீட்டில் கீரை விலைக்கு வாங்கப்படுவது விநோதமே. எனினும் கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் தோட்டக்கால் பூமிகளில் இது அபூர்வமான காட்சியன்று.

சிறு குடியானவர் தாம் விற்பதை மொத்த விலைக்கு விற்கிறார். வாங்குவதைச் சில்லறை விலைக்கு வாங்குகிறார். விளைபொருள் அவர் கையை விட்டுச் சென்று, தரகு, வண்டிச்சத்தம், கழிவு, கடைக்காரர் லாபம் ஆகிய அனைத்தையும் ஏற்றுக்கொண்டு திரும்பி வருகிறது. வீட்டில் உண்பதை வீட்டு நிலத்திலேயே விளைவித்தால், அந்த இடைவெளி முழுவதும் அவருக்கே மிஞ்சும். சந்தை விலை ஏறினும் இறங்கினும் அந்த லாபம் குடும்பத்தை விட்டுப் போகாது. ஆகையால் நிலத்தின் ஒரு பங்கை முதலில் வீட்டு ஆகாரத்திற்கென ஒதுக்கி, எஞ்சியதில் மட்டும் விற்பனைப் பயிர் வைப்பதே புதிதாகத் தொடங்குவோர்க்கு உகந்த ஏற்பாடாகும்.

இதில் பணம் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று காணப்பட்டது. வயிறு நிறைந்தும் உடல் தேறாதிருப்பதற்கு, தட்டில் சோறு மிகுந்து கீரையும் பருப்பும் காயும் குறைந்திருப்பது ஒரு முக்கிய காரணம். இக்குறையைத் தீர்க்கும் பொருள்கள் யாவும் இரண்டு ஏக்கரில் ஒரு மூலையில் விளையக்கூடியவை.

குடும்பத்திற்கு எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவுக் குறிப்பின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம் என்ற அளவு ஏற்றதாகும். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு வருஷத்தில் தானியம் சுமார் 455 கிலோ, பருப்பு 155 கிலோ, காய்கறி 730 கிலோ, எண்ணெய் ஏறத்தாழ 50 கிலோ ஆகிறது. முட்டையும் மீனும் உண்போர்க்குப் பருப்புக் கணக்கு இதனினும் குறையும்.

தானியத்தைப் பொறுத்தவரை ஒன்று கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அவ்வரிசியைப் பெறும் குடும்பம், கிணற்று நீரைச் செலவிட்டு இரண்டு ஏக்கரில் நெல் நடுவதில் அர்த்தமில்லை. கடையில் கிடைக்காத தானியத்தையே நிலத்தில் வைக்க வேண்டும். கம்பும் கேழ்வரகும் இதற்கு மிகவும் ஏற்றவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. கம்பிலோ அரிசியை விடப் பன்மடங்கு இரும்புச் சத்து உண்டு. தேவையான தானியத்தில் பாதியை இவற்றால் பெற்றுக்கொள்ள 30 சென்டு நிலம் போதும்.

நிலத்தைப் பிரிப்பதற்கு முன் கிணற்றைப் பார்க்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் நீர் தளும்பி நிற்கும் கிணற்றைக் கண்டு திட்டமிட்டவர்கள் வைகாசியில் ஏமாறுவார்கள். சித்திரை, வைகாசியில் ஒரு நாள் இறைத்துவிட்டு மறுநாட்காலைக்குள் எவ்வளவு ஊறுகிறதென்று அளப்பதே சரியான அளவு. கோடையில் 10 சென்டுக் காய்கறித் தோட்டத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 லிட்டர் நீர் வேண்டும். இந்த 10 சென்டையும் மாட்டுத் தீவனத்தையும் கோடையில் காப்பாற்றும் அளவு ஊற்று இருந்தால் பண்ணை நிலைக்கும். மற்றப் பயிர்களை மழையை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வீடு, கொட்டகை, எருக்குழி, களம் ஆகியவற்றிற்கு 15 சென்டு, காய்கறிக்கு 10, தீவனத்திற்கு 15, கம்பு அல்லது கேழ்வரகுக்கு 30, நிலக்கடலையுடன் துவரைக்கு 50. ஆக 120 சென்டு. மீதி 80 சென்டில் விற்பனைப் பயிரைத் தாராளமாக வைக்கலாம். அதில் நஷ்டம் நேர்ந்தாலும் அடுப்பு அணையாது.

ஆடிப்பட்டத்தில் தொடங்குவது எல்லா விதத்திலும் நல்லது. ஆடி முதல் வாரத்தில் விதைத்த கம்பு 90 நாளில், புரட்டாசி முடிவதற்குள் அறுவடைக்கு வந்து, ஐப்பசி அடைமழைக்குத் தப்பிவிடும். அதே 30 சென்டில் ஐப்பசியில் உளுந்தோ பச்சைப் பயறோ விதைத்தால் 70 நாளில் பருப்பும் கிடைக்கும், நிலமும் வளம் பெறும். கம்பில் ஓர் இடர் உண்டு. அக்கம்பக்கம் எங்கும் கம்பு இல்லாதபோது 30 சென்டில் மட்டும் கதிர் பால் பிடித்தால், சுற்று வட்டாரத்துக் குருவிகள் யாவும் அங்கேயே வந்து இறங்கும். அயல் தோட்டத்தாரும் சேர்ந்து விதைக்கும் இடத்தில் கம்பு வைக்கலாம். அவ்வாறில்லாத இடத்தில் பறவைச் சேதம் குறைந்த கேழ்வரகே மேல். கேழ்வரகை நாற்றுவிட்டு, 18 முதல் 20 நாள் வயதில் நடுதல் முறை.

நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுவது பழகிய வழக்கம். கடலை 105 நாளில் வெளியேறிய பின் துவரை தனித்து நின்று தையில் காய்க்கும். விதைத்த 40, 45-ஆம் நாளில் 50 சென்டுக்கு 80 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாகும். அதன்பின் செடியின் அடியைக் கிளறுதல் கூடாது, மண்ணில் இறங்கும் விழுதுகள் அறுபடும். 170 கிலோ கடலைக்காயை உடைத்துப் பருப்பைச் செக்கில் ஆட்டினால் குடும்பத்தின் ஒரு வருஷத்து எண்ணெய் கையில் இருக்கும். பிண்ணாக்கு பசுவிற்கு ஆகும். ஆனால் கடலையை நன்கு உலர்த்தாமல் மூட்டை கட்டுவோர் பலர். ஈரத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகிறது. பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அந்நஞ்சு இறங்கும். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை காய வைத்தல் வேண்டும்.

காய்கறித் தோட்டம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்க வேண்டும். தோட்டத்தையும் மாட்டையும் பார்க்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகிறது. சமையலும் குழந்தையும் முன்பே அவர்கள் பொறுப்பில் உள்ளன. அரை மைல் தள்ளி ஒரு கத்திரிப் பாத்தியை வைத்து, குடத்தால் நீர் சுமக்கச் சொல்லும் ஏற்பாடு ஆறு மாதம் தாங்காது. மோட்டாரிலிருந்து பாத்திவரை குழாய் இழுப்பதற்கு ஆகும் செலவே இப்பண்ணையில் முதலாவதாகச் செய்யவேண்டிய செலவு. நகரத்திலிருந்து திரும்பி வந்து நிலம் வாங்குவோர் சிலர், சுற்றுச் சுவருக்கும் இரும்புக் கதவுக்கும் கைப்பணத்தைப் போட்டுவிட்டு, விதைக்கும் எருவுக்கும் கடன் தேடுகிறார்கள். கிளுவை வேலி அதே வேலையைச் செய்யும்.

பத்து சென்டையும் ஒரே நாளில் விதைத்தல் தவறு. அவ்வாறு செய்தால் ஒரு மாதம் முழுவதும் வெண்டைக்காய், பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை என்றாகும். சிறு பாத்திகளாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கொரு முறை இரண்டு பாத்தி வீதம் விதைத்து வந்தால் காய் தொடர்ச்சியாக வரும். வெண்டை 45 முதல் 50 நாளில் காய்க்கும். சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளப் பல மாதங்கள் துளிர்க்கும். பந்தல் அவரையை ஆடியில் ஊன்ற வேண்டும். பகற்பொழுது குறுகிய மாதங்களில்தான் அது பூக்கும் ஆதலால், தையில் ஊன்றினால் வெறும் கொடியே மிஞ்சும். இலையை நம்பி ஏமாற வேண்டாம். வரப்புகளில் முருங்கை இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, எலுமிச்சை ஒன்று, பப்பாளி நான்கு, அகத்தி ஒரு வரிசை வைக்கலாம். குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடும் வழியில் வாழை ஐந்து வைத்தால் அதற்குத் தனியே பாய்ச்ச வேண்டியதில்லை. முருங்கையை ஆண்டுக்கொரு முறை, காய்ப்பு ஓய்ந்ததும், மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும்.

பசு ஒன்றே போதும். அதற்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர் புல்லை 10 சென்டிலும், வேலிமசாலை 5 சென்டிலும் வைத்து, அகத்தித் தழையும் கம்பந்தட்டும் கடலைக்கொடியும் சேர்த்துக்கொண்டால் தீவனம் வெளியில் வாங்குவது மிகக் குறையும். சாணம் ஒரு துளியும் வீணாகாமல் நிழலுள்ள குழியில் சேர வேண்டும். பண்ணையின் உரச்செலவு அக்குழியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. நாட்டுக்கோழி ஐந்தாறு வைப்போர், கோடைக்கு முன் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தவறலாகாது. தவறினால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும்.

இனி உண்ணும் வகையைக் கூறுவோம். ஏனெனில் விளைந்ததை விரும்பி உண்ணாத வீட்டில் இவ்வேற்பாடு ஒரு வருஷத்திற்கு மேல் நடவாது. கம்பு பிடிக்கவில்லை என்று குழந்தைகள் கூறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கம்பு அன்று, பழைய மாவு. கம்பின் முளைப்பகுதியில் எண்ணெய் மிகுதி. மாவாக்கியவுடன் அது காற்றுப்பட்டுச் சில நாளிலேயே காறல் வாடையும் கசப்பும் கொள்ளும். தானியமாகவே சேமித்து, மூன்று நான்கு நாளுக்கு வேண்டியதை மட்டும் நீர் தெளித்து இடித்துப் புடைத்துக்கொண்டால் அதன் இனிப்பு தெரியும். நொய்யைக் குழைய வேகவைத்து, உருட்டி நீரில் இட்டு, மறுநாட்காலை வீட்டு மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்துடன் கொடுத்தால் வேண்டாமென்பார் அரியர். கேழ்வரகுக் களிக்குப் பறித்த நேரத்திலேயே கடைந்த கீரையும், கேழ்வரகு அடைக்கு உருவிய முருங்கைக் கீரையும் பொருத்தமானவை. கீரையுடன் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும், சாப்பாட்டை ஒட்டித் தேநீர், காப்பி அருந்தாதிருப்பதும் இரும்புச் சத்து உடலில் சேர உதவும். தை மாதத்தில் பச்சைத் துவரையை உரித்துக் குழம்பு வைத்து உண்ட வீட்டார், அடுத்த ஆடியில் துவரை விதைக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முற்றிய துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் பிசறி ஓர் இரவு குவித்து வைத்து, நன்கு காயவைத்துச் சலித்துத் திரிகையில் உடைக்கும் பழைய முறையில் பருப்புக்கு வண்டு சேர்வது குறைவு. விதைக்கென எடுத்தவற்றை உலர்ந்த வேப்பிலையுடன் காற்றுப்புகாத பாத்திரத்தில் வைக்கலாம். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் வாராது. ஆகையால் வீட்டுத் தோட்டத்திற்கு நாட்டு ரகங்களையும், விதையெடுத்தும் குணம் மாறாத வேளாண்மைப் பல்கலைக்கழக ரகங்களையுமே தேர்ந்துகொள்வது சிக்கனம்.

வீட்டுக்கு மிஞ்சிய காய்கறி சிறிதாயினும் அதற்கும் வழி உண்டு. 1999-ஆம் ஆண்டில் மதுரையில் முதன்முதல் தொடங்கப்பெற்ற உழவர் சந்தை இன்று பல ஊர்களிலும் இயங்குகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயி அங்குத் தரகின்றித் தாமே விற்கலாம். இரண்டு கூடைக் காயுடன் தினமும் செல்வதை விட, அண்டை வீட்டார் இருவர் மூவர் முறை வைத்துச் செல்வது பஸ் செலவையும் நாளையும் மிச்சப்படுத்தும்.

பங்குனியில் விளைவு மிகுந்திருக்கும்போதே சித்திரை, வைகாசியை நினைக்க வேண்டும். கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி ஆகியவற்றை உப்பு மோரில் ஊறவைத்து வற்றலாக்கியும், மிளகாயை மோர்மிளகாயாக்கியும், பரங்கிக் காயைக் காம்புடன் பறித்து நிழலில் பரப்பியும் வைத்தால், கிணறு தாழ்ந்து பாத்திகள் வெறுமையாக இருக்கும் அவ்விரு மாதங்களிலும் குழம்புக்குக் கடையை நாட வேண்டிய அவசியம் நேராது. வற்றல் போடுவதைப் பங்குனி இரண்டாம் வாரத்தில் தொடங்குவது நலம்; சித்திரையில் கோடை மழை பெய்து, காயும் வற்றல் கெடுவதுண்டு.