கறுப்புப் பட்டைக்குக் குறித்த நாள்

வங்கி அட்டையின் முதுகில் ஓடும் கறுப்புப் பட்டைக்கு நாள் குறித்தாகிவிட்டது. 2029-க்குள் மாஸ்டர்கார்டின் புதிய கடன், பற்று அட்டைகளில் பட்டை வைப்பது நின்றுவிடும். 2033-க்குள் அதன் கடன், பற்று அட்டை எதிலுமே பட்டை இருக்காது. அந்த நிறுவனம் 2021-லேயே அறிவித்த கணக்கு இது.

பட்டை பிறந்தது 1960-களில். ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி காந்த நாடாவை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டப் பார்த்தார். பசை போட்டால் நாடா நெளிந்துவிடும், பதிந்த தகவல் கெட்டுவிடும். வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி டோரதியா, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். சூட்டில் நாடா பிளாஸ்டிக்கோடு பதமாக இணைந்துவிட்டது.

பட்டைக்குள் இருப்பவை காந்தமாகும் நுண்துகள்கள். அவற்றின் வடக்கு, தெற்கு திசை சில இடங்களில் தலைகீழாகத் திரும்பும். அந்தத் திருப்பம் கருவியில் உள்ள கம்பிச்சுருளைக் கடக்கும்போது சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தப்புலம் மாறினால்தான் மின்சாரம் தூண்டப்படும் என்பது ஃபாரடே கண்ட விதி. அட்டையை அசையாமல் வைத்திருந்தால் கருவிக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் தேய்க்கிறோம்.

ஆனால் ஒருவர் விருட்டென்று இழுப்பார், இன்னொருவர் மெல்ல நகர்த்துவார். எந்த இடைவெளி எந்த எண் என்று கருவி எப்படிக் கணக்கிடும்? இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் கட்டாயம் ஒரு திருப்பம் உண்டு. நடுவில் இன்னொரு திருப்பம் வந்தால் அது 1, வராவிட்டால் 0. பட்டையின் தொடக்கத்தில் சுழியங்களாகவே வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றைக் கடக்கும் நேரத்திலேயே நம் கையின் வேகத்தைக் கருவி பிடித்துக்கொள்கிறது. வழியில் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப அளவை மாற்றிக்கொள்கிறது.

பட்டையில் மூன்று தடங்களுக்கு இடமுண்டு. கடைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் பயன்படும். அதில் கொள்வது 40 குறிகள் மட்டுமே: அட்டை எண், காலாவதி மாதம், இன்னும் சில இலக்கங்கள்.

யார் தேய்த்தாலும், எத்தனை முறை தேய்த்தாலும், பட்டை ஒரே விடையைத்தான் தரும். இதுதான் அதற்கு வினையானது. ஏடிஎம் வாயில் திருடர்கள் பொருத்தும் சிறு கருவி அந்த விடையை நகலெடுத்தால், வெற்று அட்டையில் அப்படியே பதிக்கலாம். சிப் அப்படியல்ல, அது ஒரு குட்டிக் கணினி. ரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. இன்றைய குறியீட்டைத் திருடியவருக்கு நாளை அது உதவாது. பட்டை மட்டுமே உள்ள அட்டைகளை 2018 இறுதிக்குள் மாற்றித்தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இதனால்தான்.

சிப் உள்ள அட்டையைத் தேய்த்தால் “செருகுங்கள்” என்று கருவி கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லிக்கொடுப்பது பட்டையேதான். அதில் பதிந்துள்ள மூன்றிலக்கச் சேவை எண் 2 அல்லது 6-ல் தொடங்கினால், அட்டையில் சிப் இருக்கிறது என்று பொருள்.

பழைய அட்டையைக் குப்பையில் போடுமுன் சிப்பை மட்டும் வெட்டினால் போதாது. பட்டையையும் குறுக்கே பல துண்டுகளாக வெட்டிவிடுங்கள்.