மாத்திரையிலே மதி!

ஒரு மாத்திரை. கண்ணாடித் துண்டு போன்றது; நிறமில்லை. அதை விழுங்கிய சில விநாடிகளிலே, மந்தமாய்க் கிடந்தவன் மாமேதையாகிறான்! மறந்ததெல்லாம் மனக்கண்முன் வரிசைகட்டி வருகிறது. ஒரு வரிகூட எழுத முடியாமல் திண்டாடிய புத்தகம், நாலே நாளில் முடிந்துவிடுகிறது. அந்நிய மொழிகள் நாவிலே நடமாடுகின்றன.

மந்திரமா? மாயமா? தவமிருந்து பெற்ற வரமா? இல்லை, தோழர்களே, திரைப்படம்! 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்த ‘லிமிட்லெஸ்’. எல்லையற்றது என்று பொருள். ஆலன் கிளின் என்ற அயர்லாந்து எழுத்தாளர் 2001-இல் எழுதிய நாவலைப் படமாக்கினார் நீல் பர்கர். எடி மோரா எனும் எழுத்தாளனாக பிராட்லி கூப்பர். கார்ல் வான் லூன் எனும் கோடீசுவரனாக ராபர்ட் டி நிரோ. படம் பழையதாகிவிட்டது, அது தூண்டிவிட்ட ஆசை பழையதாகவில்லை. ஆகவேதான் அதனைப் பற்றிப் பேசுகிறோம்.

படம் விறுவிறுப்பானது, மறுக்க மாட்டோம். கொலை உண்டு, துரத்தல் உண்டு, கடன் கொடுத்த முரடனின் கத்தி உண்டு. மாத்திரை மாயம் காட்டும். பிறகு மயக்கமும் தரும். எங்கே போனோம், என்ன செய்தோம் என்பதே எடிக்குத் தெரியாமல் போகிறது. இத்தனையும் சுவையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் நாம் கேட்பது வேறு. கிடைத்த அறிவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்?

நியூயார்க் நகரிலே வாடகை பாக்கிக்கு ஏச்சுக் கேட்டவன் அவன். வறுமை தெரிந்தவன்தான். அறிவு பெருகியதும், தன்னைப்போல் வாடுவோரைப் பற்றிச் சிந்தித்தானா? நோய்க்கு மருந்து கண்டானா? இல்லை! பங்குச் சந்தைக்கு ஓடினான். பணம் குவித்தான். பணக்காரன் பக்கத்திலே நாற்காலி போட்டுக்கொண்டான். பிறகு பதவிக்குப் போட்டியிட்டான். மூளை வளர்ந்தது, மனம் வளரவில்லை!

முடிவைப் பாருங்கள். வான் லூன் வருகிறான். மாத்திரை செய்யும் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டேன், இனி நான் கொடுத்தால்தான் உனக்கு உண்டு, எனக்கு வேண்டியதைச் செய், என்ற பொருள்பட மிரட்டுகிறான். அறிவு உன்னுடையது, அதன் சாவி என்னுடையது என்கிறது பணம்! மாத்திரையின் தயவு இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லி எடி தப்பித்துக்கொள்கிறான். அது படம், தப்பலாம். நடந்த கதையிலே தப்பியவர் எத்தனை பேர்?

ஆம், தோழர்களே, நடந்த கதை உண்டு. இரண்டாம் உலகப்போரிலே ஜெர்மானியப் படைகளுக்கு ‘பெர்விட்டின்’ என்ற மாத்திரையைக் கொடுத்தனர். மெத்தாம்ஃபெட்டமின் எனும் சரக்கு அது. தூக்கத்தை விரட்டும், களைப்பை மறைக்கும். 1940-இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் அவ்வகை மாத்திரைகள் 3.5 கோடி அளவுக்குப் படைகளுக்கு அனுப்பப்பட்டன.

ஜப்பானிலே அதே சரக்கு ‘ஹிரோபோன்’ என்ற பெயரில் 1941-இல் விற்பனைக்கு வந்தது. உழைப்பை நேசித்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர்! பெயரைப் பார்த்தீர்களா? விமானிகளுக்குக் கொடுத்தார்கள், போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் இரவெல்லாம் வேலை செய்த பாட்டாளிக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்தது. மிஞ்சிய சரக்கு கடைவீதிக்கு வந்தது. எண்ணற்றோர் அதற்கு அடிமையாயினர். 1951-இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. உழைப்பின்மீது காதல் ஊட்டுவதாக வந்தது, உழைப்பாளியின் உடலையே தின்றது!

இன்றும் இந்த ஆசைக்குக் கடை திறந்திருக்கிறது. மோடாபினில், மெத்தில்பெனிடேட் போன்றவை நோயாளிக்கு மருத்துவர் தரும் மருந்துகள். அதை நாம் குறை கூறவில்லை. நோயற்ற மாணவரும் அலுவலகத்தாரும் அறிவு கூடுமென்று நம்பி விழுங்குகிறார்களே, அதைத்தான் சொல்கிறோம். 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, நலமுள்ள 40 பேருக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்துக் கடினமான புதிர்களை அவிழ்க்கச் சொன்னார்கள். முயற்சி கூடியது, அதன் தரம் குறைந்தது! வேகமாகச் சுற்றியது சக்கரம். வண்டி போய்ச் சேரவில்லை.

மூளையிலே 20 சதவிகிதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், இந்த மாத்திரை மீதியைத் திறந்துவிடும் என்று படத்திலே ஒருவன் சொல்கிறான். பொய்! உடல் எடையிலே சுமார் 2 சதவிகிதமே உள்ள மூளை, உடல் செலவிடும் சக்தியிலே சுமார் 20 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தீனியா போடும் உடல்? பூட்டிக் கிடக்கும் அறை ஏதுமில்லை நம் தலையிலே.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படத்து மாத்திரை நாளையே கடைக்கு வருகிறது, எல்லோரும் விழுங்குகிறோம். என்ன நடக்கும்? எட்டு மணி நேர வேலையை நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டாயா, வீட்டுக்குப் போ, பிள்ளையைக் கொஞ்சு என்பானா முதலாளி? இன்னொரு நாலு மணி வேலையையும் தலையிலே ஏற்றுவான்! விழுங்க மறுப்பவனைச் சோம்பேறி என்பான். மாத்திரை வாங்கும் காசும் நம் கூலியிலிருந்துதான் போகும்.

அறிவுக்கு வழி இல்லையா? இருக்கிறது. நிம்மதியான தூக்கம், வயிறார உணவு, பிள்ளைக்குப் பள்ளி, வேலை முடிந்தபின் ஏடு புரட்ட ஒரு மணி நேர ஓய்வு. இவை கண்ணாடி மாத்திரைபோல் பளபளக்கமாட்டா. ஆனால் இவற்றைக் கேட்டுப் பெறலாம். ஒன்றுகூடிக் கேட்டால் நிச்சயம் பெறலாம்.

களைத்தவனுக்குத் தரவேண்டியது ஓய்வு. அதற்குப் பதிலாக மாத்திரையை நீட்டுகிற கையைக் கண்டால், தோழனே, வாயைத் திறக்காதே. கேள்விக்காக மட்டும் திற!