மக்கர் பண்ணும் மாருதி

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்து 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. சிற்றூர்ப் பாதைகளிலும் மளிகைக் கடை வாசல்களிலும் இன்னும் அதைப் பார்க்க முடிகிறது. அவற்றில் பத்து வயதுக்குக் குறைந்தது எதுவும் இல்லை; பல, இருபதைத் தாண்டியவை. செகண்ட் ஹாண்டில் மிக மலிவாகக் கைமாறும் கார்களில் இதுவும் ஒன்று. விலை சிறியது என்பதிலேயே சிக்கலும் இருக்கிறது. ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்தால் வரும் பில், வண்டி வாங்கிய விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடக்கூடும். ஆகவே பழைய 800 வைத்திருப்பவர் ஓரளவுக்காவது ஸ்பேனர் பிடிக்கப் பழகினால்தான் கட்டுப்படியாகும்.

பழைய வண்டியில் பணம் அதிகமாகக் கரைவது, சந்தேகத்தின் பேரில் பாகங்களை மாற்றிப் பார்ப்பதில்தான். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் புது பேட்டரி. இரண்டு நாளில் மறுபடி அதே கதை என்றால் செல்ஃப் மோட்டார். கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் ஒரு துண்டில் தீர வேண்டிய வேலை அது. கழற்றி மாட்டுவதைக் கொஞ்ச நாளில் யாரும் பழகிவிடலாம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். காசு மிச்சமாவதும் அதில்தான்.

கற்றுக்கொள்ள 800 நல்ல வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், மொத்த எடை ஏறக்குறைய 650 கிலோ. பானெட்டைத் தூக்கினால் கை நுழைய இடம் இருக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம்வரை வந்தவற்றில் கார்புரேட்டர், அதன்பின் எம்.பி.எஃப்.ஐ. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், இரண்டு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். துருப்பிடித்த நட்டில் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு முறுக்குவதைப்போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. முனை மழுங்கிவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரிங் ஸ்பேனர் ஆறு பக்கத்தையும் பிடிக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் பிடிவாதமான நட்டுகளும் வழிக்கு வரும். இவற்றோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று அவசியம். ஸ்பேனர் செட்டுக்கு முன்பே இதை வாங்கினாலும் தவறில்லை.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதல் தகவல் காதில் விழும். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே சத்தம் வந்து நின்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். 'டக டக டக' என்று அடித்துக்கொண்டால் மின்சாரம் போதவில்லை. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்கு இறங்கிவிட்டால் அது கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் முழு டைனமோவை மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு.

பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் எர்த் சோதனை செய்ய வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளில் மீட்டர் 0.2 வோல்ட்டைத் தாண்டாமல் இருந்தால் பாதை சுத்தம். அரை வோல்ட்டுக்கு மேல் போனால், செல்ஃபுக்குச் சேர வேண்டிய மின்சாரம் வழியிலேயே, துருப்பிடித்த ஏதோ ஓர் இணைப்பில் வீணாகிறது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, மாட்டிய பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் வேலை முடிந்தது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் வர வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலா, ஸ்பார்க்கா என்ற கேள்வி மிஞ்சும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எஞ்சினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால், தொண்டைக்குள் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் பாதை, ஃபில்டர், கேம் ஷாஃப்டால் இயங்கும் பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்தப் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலே தெரியும். அப்படிக் கலந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து, நூறு ரூபாய்க் கோளாறு எஞ்சின் பிரிக்கும் வேலையாகிவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து அந்தக் காலத்து ரப்பர் செய்யப்படவில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களை மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

ஓடும் எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் மூன்று பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறாமல் வரிசையாக வைக்க வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாகச் சுட்டுப்போனது போலிருந்தால் பெட்ரோல் போதாமல் சூடு மிஞ்சுகிறது; வேக்குவம் ஹோஸ் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆயில் பிசுக்கு தெரிந்தவுடன் எஞ்சின் போர் பண்ண வேண்டும் என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்துச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. கேஜைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. தெரிந்த பட்டறையில் வாங்கி வரலாம். மூன்று பிளக்கையும் கழற்றி, ஸ்பார்க் வராமல் காயிலின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃபைச் சுற்ற வேண்டும். மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு சட்டென ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் ஏறியது. ஏறவே இல்லை என்றால் கசிவு வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வால்வ், கேஸ்கெட் வேலைகளுக்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ரிங் என்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். செலவு பல மடங்கு வேறுபடும். ஒரு ஸ்பூன் ஆயிலில் தெரிகிற செய்தி இது.

நம் வெயிலில் பழைய வண்டிகளை அதிகம் காவு வாங்குவது சூடேறுதல்தான். ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் பாகம். வளிமண்டல அழுத்தத்தைப் போல இருமடங்கில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் அருகில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் அந்தச் சலுகை போய் 100 டிகிரியிலேயே பொங்கத் தொடங்கும். ஆகவே முதல் சந்தேகம் மூடி மேல். அடுத்து ஹோஸ், கிளிப், ஃபேன் சுவிட்ச், அதற்கும் பிறகே தெர்மோஸ்டாட்டும் தண்ணீர்ப் பம்பும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துபோகும்.

போர் தண்ணீரை ஊற்றுவது இன்னொரு தீமை. அதிலுள்ள உப்பு, ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றும் செலவு, ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடிக்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. 'நம்ம ஊரு சூட்டுக்குத் தேவையில்ல' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எறிந்த பிறகு எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும்; மைலேஜும் குறையும். பழுதானால் புதிது போடுவதே முறை.

பிரேக்கில் மட்டும் கற்றுக்குட்டி வேலை ஆகாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும், அளவு குறைகிறதா என்று பார்ப்பதும் உரிமையாளர் வேலை. சிலிண்டர், லைனர் வேலைகளை அனுபவப்பட்ட மெக்கானிக்கிடம் விட்டு, பக்கத்தில் நின்று கவனிக்கலாம். சிறிய பட்டறைகளில் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். டைமிங் பெல்ட்டும் இப்படித்தான்: பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே தலை உள்ளே போக வேண்டும்.

உதிரிபாகச் செலவைக் குறைக்கச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் போன்ற பழைய சாமான் சந்தைகள் இருக்கின்றன. கதவு, கண்ணாடி, பம்பர், சீட், ஹெட்லைட் கூடு, கார்பன் மாற்றி ஓட்டக்கூடிய டைனமோ, செல்ஃப் ஆகியவற்றை அங்கே தயங்காமல் வாங்கலாம். ரப்பர், பெல்ட், பேரிங், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதில் வாங்கக் கூடாது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதைவிட, பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்கமே முக்கியம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. புதுப் பாகங்களில் ஃபில்டரும் லைனரும் போலி அதிகம் வருபவை; பில் தரும் கடையில் வாங்குவது நல்லது.

இவ்வளவு பார்த்தும் கைவிட வேண்டிய கட்டம் ஒன்று வரும். அனேகமாக அது எஞ்சினால் வருவதில்லை, துருவால் வரும். தரைவிரிப்பைத் தூக்கி, சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்களில் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். தகடு உள்வாங்கினால் வெல்டிங் செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடியும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. புதுப்பிப்பதற்காக எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்டும் முன்பே துருச் சோதனையை முடித்துவிட்டால் அந்தப் பணமாவது மிஞ்சும். உடைக்கக் கொடுப்பதென்று முடிவானால் அரசு அங்கீகரித்த ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி அழிக்கப்பட்டதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யாவிட்டால், அந்த நம்பர் பழைய உரிமையாளரின் பெயரிலேயே நீடிக்கும்.