ஓட்டமாவடிப் பாலத்தில் ஒரு கனவு

வைகாசி பிறந்ததும் மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு, கனவென்பது வருவதை முன்னுரைக்கும் தூது என்ற எண்ணம் எளிதிலே படிந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், மதுரையில் நேரவிருந்த கேட்டைக் கண்ணகி கனவிலே கண்டு தேவந்தியிடம் கூறுகிறாள். ஆயினும் விழித்த பின்பே அது கனவென்று அவளுக்குத் தெரிந்தது. உறக்கம் கலையாதிருக்கையிலேயே, 'இது கனவு' என்ற பிரக்ஞையோடு அதனுள் நின்று பார்ப்பது இயலுமா என்பதே, நடுவயதைக் கடந்த என்னை வாழைச்சேனையில் சில மாதங்களாக ஆட்டிவைத்த ஆசை.

சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என அவத்தைகளை ஐந்தாக வகுத்த சைவ சித்தாந்திகளுக்கு, விழிப்பையும் கனவையும் பிரித்தறியும் விசாரம் புதிதன்று. மேனாட்டிலே, டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஈடன் 1913இல் இத்தகைய கனவுக்குத் 'தெளிகனவு' என்ற பொருள்படும் பெயரை வழங்கினார். எனினும், கண்டவன் சொல்வதைத் தவிர வேறு சாட்சியம் இல்லாமையால், அறிஞர் பலர் அதனை நம்ப மறுத்தனர். உறங்குபவன் உறக்கத்திலிருந்தே சாட்சி சொல்வதெப்படி?

விடையைக் கண்கள் வைத்திருந்தன. கனவு மிகுந்த உறக்கத்தில் மூடிய இமைக்குள்ளே விழிகள் விரைந்து அசைவதை 1953இல் சிக்காகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டிருந்தனர். அவ்வேளையில் கை கால்கள் செயலற்றுக் கிடந்தாலும் விழிகள் கட்டுண்பதில்லை. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வோர்ஸ்லி என்னும் கனவாளரை உறங்கவைத்து, கனவில் தெளிவு வந்ததும் முன்பே பேசி வைத்தபடி விழிகளை இடமும் வலமுமாக அசைக்கச் சொன்னார். அந்தச் சங்கேதம் கருவியின் தாளிலே கோடுகளாகப் பதிந்தது. சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் ஸ்டீபன் லபேர்ஜும் தனியே இதனை நிறுவினார். 2021இல் வெளியான ஆய்வொன்றிலோ, எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்கப்பட்ட கனவாளர் ஒருவர், உறக்கம் கலையாமலே விழிகளை இருமுறை அசைத்து விடை கூறினார். நம் பள்ளிக்கூடங்களில் விழித்திருக்கும் மாணவரிடமே இவ்விடையைப் பெறச் சில நாட்களில் நேரும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும்!

முறை எளிது, சாதனைதான் அரிது. தலையணையருகே கொப்பியும் பேனையும் வைத்து, எழுந்ததும் கண்ட கனவை எழுதவேண்டும். கனவுறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளுவதால், ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, சற்றே விழித்திருந்து, 'அடுத்த கனவிலே இது கனவென்று நினைவுகூர்வேன்' என்ற சங்கற்பத்தோடு மீண்டும் படுக்கவேண்டும். பகலிலோ, இது நனவா கனவா என்று அடிக்கடி கையைப் பார்த்து ஐயுற வேண்டும். ஏனெனில் கனவில் விரல்கள் பெரும்பாலும் கணக்குத் தப்பும். சந்தையிலே நான் இவ்வாறு நிற்கக் கண்ட மீன் வியாபாரி, "என்ன மாஸ்டர், கைரேகை பாக்குறீங்களோ?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உறக்கம் குலைவோருக்கும், சித்தக் கலக்கமுடையோருக்கும் இவ்வப்பியாசம் ஆகாது. விடியற்காலையில் 'பேய் அமுக்கும்' அனுபவம் எனக்கே இருமுறை நேர்ந்தது. அது பேயன்று, உடல் விழிக்குமுன் மனம் விழித்ததன் விளைவே என்று அறிந்திருந்தும் அஞ்சினேன்.

கொப்பியைப் புரட்டியபோது என் கனவுகளில் ஓட்டமாவடிப் பாலம் பலமுறை வந்திருப்பது தெரிந்தது. ரயிலும் மோட்டார் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்துகொண்ட காலம், பக்கத்திலே புதிய பாலம் எழுந்ததோடு முடிந்துபோயிற்று. என் கனவுக்கோ அச்செய்தி எட்டவில்லை. ஒரு விடியலில், ரயிலுக்காகத் தடைபோட்டு, பழைய பாலத்தின் முன்னே எங்கள் பஸ் காத்து நிற்கையில், 'இப்பொழுது இது நடப்பதில்லையே' என்ற எண்ணம் எழுந்தது. கையைப் பார்த்தேன், ஆறு விரல்கள். மகிழ்ச்சி தாளாமல் வாவியின் மேலே பறக்க எண்ணினேன். எண்ணிய கணமே கண் விழித்தது.

பாசிக்குடாவின் கடலிலே நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாததுபோல, பின்வந்த வாரங்களில் ஆழமில்லாத கனவுகளிலேயே அலைந்தேன். மீண்டும் அந்தப் பாலம் வந்தபோது எதனையும் ஆள நினையாமல், கனவு கலையாதிருக்கக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். தண்டவாளம் அதிர, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கீழே வாவியின் நீரிலும் அவை சென்றன. கடைசிப் பெட்டி போனதும் தடை உயர்ந்தது. பஸ் புறப்பட்டது, நான் ஏறவில்லை.