டாஸ் கேம் விளையாட பிசிஐ சவுண்ட் கார்டு வாங்கப்போறீங்களா? பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீங்க!

பழைய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, டாஸ் ஏற்றியாச்சு. 1993-ல் வந்த ‘டூம்’ கேமும் ஓடுகிறது. துப்பாக்கி சுடுகிறது, அரக்கர்கள் விழுகிறார்கள். ஆனால் சத்தம்? மூச்! இத்தனைக்கும் கார்டில் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

விண்டோஸில் ஜோராகப் பாடும் அதே கார்டு, டாஸில் ஊமையாகிவிடுகிறது. ஏன் இப்படி? எந்தக் கார்டை வாங்கினால் காசு வீணாகாது?

டாஸ் கேமுக்கு என்னதான் வேணும்?

விண்டோஸ் கேம்கள் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. விண்டோஸிடம் சொல்லிவிட்டால் போதும், மீதியை டிரைவர் பார்த்துக்கொள்ளும். டாஸில் அப்படி ஓர் இடைத்தரகர் கிடையாது. ஒவ்வொரு கேமும் கார்டின் கதவைத் தானே போய்த் தட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கேம்கள் தேடியது, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரை. 220 என்ற முகவரி, 5 அல்லது 7 என்ற ஐஆர்கியூ எண், டிஎம்ஏ சேனல் 1. இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் வெடிச்சத்தமும் பேச்சும் கேட்கும். டிஎம்ஏ என்பது, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் ஒலித் தரவை மெமரியிலிருந்து கார்டுக்குக் கொண்டுபோகும் வழி.

இசையின் கதை வேறு. அது கார்டில் இருக்கும் யமஹாவின் எஃப்எம் சிப்பிலிருந்து வரும். முதலில் ஓபிஎல்2, பிறகு ஓபிஎல்3.

பிசிஐ வந்ததும் என்ன சிக்கல்?

முதல் சவுண்ட் பிளாஸ்டர், ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் கார்டு. இன்டெல் 1992-ல் அறிமுகப்படுத்திய பிசிஐ அதைவிட வேகமானது. ஆனால் ஐஎஸ்ஏவில் இருந்த டிஎம்ஏ இணைப்புகள் பிசிஐ ஸ்லாட்டில் இல்லை. கார்டுக்கான முகவரியையும் கம்ப்யூட்டரே ஒவ்வொரு முறையும் ஒதுக்குகிறது.

வீடு மாறிப்போனது தெரியாமல், பழைய முகவரிக்கே தபால் போட்டுக்கொண்டிருப்பவர் மாதிரிதான் டாஸ் கேம். அந்தத் தபாலைப் புது வீட்டுக்குக் கொண்டுசேர்க்க, கார்டு தயாரித்தவர்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். எந்த வழி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வழி 1: மென்பொருள் போடும் வேஷம்

கிரியேட்டிவ் நிறுவனம் 1998-ல் என்சோனிக்கை வாங்கியது. என்சோனிக்கின் ஆடியோபிசிஐ வடிவமைப்புதான் சவுண்ட் பிளாஸ்டர் பிசிஐ 64, பிசிஐ 128 என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தது. டாஸில் இவை தாமாக சவுண்ட் பிளாஸ்டர் ஆகிவிடாது. மெமரியில் தங்கும் ஒரு புரோகிராம்தான் அந்த வேஷத்தைப் போட வேண்டும். அதற்கு இஎம்எம்386 என்ற மெமரி மேனேஜரும் தேவை.

இங்கேதான் இடிக்கிறது. 1992-ல் வந்த ‘அல்டிமா 7’, இஎம்எம்386 இருந்தாலே ஓட மறுக்கும் கேம். இன்னொரு குறை, இந்தக் கார்டுகளில் எஃப்எம் சிப் இல்லை. பதிவு செய்த இசைக்கருவி ஒலிகளை வைத்து ஒப்பேற்றும். மெட்டு அதேதான், ஆனால் இசையமைப்பாளர் அந்தச் சிப்புக்காகவே செதுக்கிய ஒலி காணாமல் போய்விடும்.

வழி 2: ஒரு குட்டி கேபிள்

யமஹாவின் ஒய்எம்எஃப்724, 744 சிப்கள் இருக்கும் கார்டுகளில் அசல் ஓபிஎல்3 உள்ளேயே இருக்கிறது. டிஎம்ஏவுக்கு ‘எஸ்பி-லிங்க்’ என்ற சிறிய கேபிளால் கார்டையும் மதர்போர்டையும் இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால் இஎம்எம்386 தேவையில்லை.

ஆனால் இந்த இணைப்பு 1990-களின் கடைசியில் வந்த சில மதர்போர்டுகளில்தான் உண்டு. எல்லா யமஹா கார்டுகளிலும்கூட இருக்காது. வாங்கும் முன் இரண்டின் படத்தையும் உற்றுப் பாருங்கள்.

வழி 3: கேபிளே வேண்டாம்

இஎஸ்எஸ் நிறுவனத்தின் சோலோ-1 சிப், கேபிள் இல்லாமலேயே டிஎம்ஏவைச் சமாளிக்கும். இசைக்கு இஎஸ்எஸ்ஸின் சொந்த எஃப்எம் சிப். ஓபிஎல்3-க்கு எழுதிய இசையை அது வாசிக்கும். புதிய மதர்போர்டுகளில் இந்த வித்தை பலிக்காமல் போகலாம்.

அப்போ எதை வாங்குவது?

* மதர்போர்டில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஐஎஸ்ஏ கார்டுதான்.
* பிசிஐ மட்டும்தான், எஸ்பி-லிங்க் இணைப்பும் இருக்கிறது என்றால் யமஹா.
* அந்த இணைப்பு இல்லாத பழைய போர்டு என்றால் இஎஸ்எஸ் சோலோ-1.
* பெட்டியின் பெயரை விடுங்கள். சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

யமஹா, இஎஸ்எஸ் கார்டுகள் நடிப்பது சவுண்ட் பிளாஸ்டர் புரோவாக. அதனால் கேமின் செட்டப்பில் ‘சவுண்ட் பிளாஸ்டர் 16’ என்று கொடுத்துவிட்டு, “சத்தம் வரலையே” என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ‘புரோ’வைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரே கையில் இல்லையா? ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் கார்டு, சிப் எல்லாவற்றையும் உங்கள் லேப்டாப்பிலேயே போலச் செய்துவிடும். கார்டு தேடி அலைவதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பது பர்ஸுக்கு நல்லது.

நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் பலரும் விளையாடிய ‘டேஞ்சரஸ் டேவ்’ மட்டும்தான் வேண்டும் என்றால் செலவே இல்லை. அதன் ‘பீப்’ சத்தம் எல்லாம் கேபினெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரிலிருந்தே வரும்!