வாத்திய கோஷ்டியின் சம்பளக் கணக்கு

நியூயார்க் பில்ஹார்மோனிக் என்னும் புகழ்பெற்ற வாத்திய கோஷ்டி 2024 செப்டம்பரில் தன் கலைஞர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மூன்றாண்டுகளில் முப்பது சதவிகிதம் உயரும் அவர்களுடைய அடிப்படைச் சம்பளம், முடிவில் ஆண்டுக்கு 2,05,000 டாலரை எட்டிவிடும். அதே அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் 1939 முதல் இயங்கிவந்த சிம்பொனி கோஷ்டியோ, 36,000 டாலருக்கும் குறைவான வருஷச் சம்பளத்தையே தாங்கமாட்டாமல், நிரந்தரக் கலைஞர்களின் எண்ணிக்கையை 72லிருந்து 42ஆகக் குறைக்க முற்பட்டு, அதனால் மூண்ட வேலைநிறுத்தம் தீராமலேயே 2022 ஜூனில் கலைந்து போயிற்று. வாசிப்பது அதே பீத்தோவன்தான். பால்யத்திலிருந்து செய்த சாதகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க, ஊதியத்தில் இவ்வளவு தாரதம்மியம் ஏன் என்பதும், கை நிறையச் சம்பளம் வாங்குவோரும் விலைவாசியைக் காட்டிக் கொடி பிடிப்பது ஏன் என்பதும் ஆராயத்தக்க விஷயங்கள்.

இதன் வேர்க் காரணத்தை வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். மோட்டார் தொழிற்சாலையில் புதுப்புது யந்திரங்கள் வர வர, ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் வேலை பன்மடங்காகிறது. ஆகவே அவனுடைய கூலியை உயர்த்தினாலும் முதலாளிக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை அன்று வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ, ஏறத்தாழ அத்தனை பேரும் அவ்வளவு நேரமும் இன்றும் வேண்டும். ஆளைக் குறைத்தால் நாதம் குன்றும், நேரத்தைக் குறைத்தால் இசையே கெடும். எனினும் வாத்தியக்காரரும் மற்றவர்கள் வாங்கும் கடையில்தான் அரிசி பருப்பு வாங்க வேண்டும், மற்றவர்கள் கொடுக்கும் வாடகையைத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், பிற தொழில்களில் கூலி ஏறும்போது அவருடைய ஊதியமும் ஏறியே தீரவேண்டும். செலவு இவ்விதம் வளர, உற்பத்தி வளராமல் நிற்பதால் உண்டாகும் பள்ளம் ஆண்டுக்காண்டு ஆழமாகிறது.

கலைஞரின் உழைப்பைக் கணக்கிடும் முறையும் வெளியாருக்கு மயக்கம் தருவது. சுமார் இரண்டரை மணி நேர ஒத்திகையோ கச்சேரியோ ஒரு ‘சர்வீஸ்’ எனப்படும். பெரிய கோஷ்டிகளில் வாரத்துக்கு எட்டு சர்வீஸ் வரை உண்டு. வாரத்துக்கு இருபது மணி நேர வேலைதானே என்று கேட்போர், வீட்டில் தினமும் நடக்கும் சாதகத்தை மறந்துவிடுகிறார்கள். ஓபோ வாசிப்பவர் நம் நாகசுர வித்துவான்களைப் போலச் சீவாளியை நம்பியிருப்பவர். நாணலை வாங்கி, பிளந்து, கத்தியால் இழை இழையாகச் சீவித் தாமே செய்துகொள்ளும் அது சில நாட்களிலேயே சோர்ந்துவிடுவதால், ஒரு கச்சேரி முடியும்போதே அடுத்ததற்கான சீவாளி தயாராகிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மணிக்கணக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறுவதில்லை. வயலின் வாத்தியக்காரரோ வீட்டுக் கடனுக்கு ஈடான கடனை வாத்தியத்துக்கே வாங்கிவிட்டு, அதற்கு இன்ஷூரன்ஸும் கட்டிவருபவர்.

இதன்மேல் ஊரின் விலைவாசி வந்து சேர்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் செல்வம் வாடகையை வானளாவ ஏற்றிவிட்ட சான் பிரான்சிஸ்கோவில், 1,41,700 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் பெற்ற சிம்பொனி கலைஞர்கள் 2013 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தபோது, பலர் முகம் சுளித்தார்கள். கார்னெகி ஹால் கச்சேரி உட்படக் கிழக்குக் கரைப் பயணமே ரத்தாயிற்று. ஆனால் நிரந்தர வேலை கிடைக்காதவர்களின் நிலையோடு ஒப்பிட்டால் அவர்கள் பாக்கியவான்கள். அதே பிராந்தியத்தில் சிற்றூர்க் கோஷ்டிகள் பலவற்றில் சர்வீஸ் கணக்கில் வாசித்து, கார் பின்னிருக்கையில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே ஜீவனம் நடத்தும் கலைஞர்களுக்கு ‘ஃப்ரீவே பில்ஹார்மோனிக்’ என்றே பட்டப்பெயர் உண்டு.

சம்பள ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தொகை நிச்சயித்துச் செய்யப்படுகின்றன. நம் அரசாங்க ஊழியருக்குப் பஞ்சப்படி ஏறுவது போல அங்கே தானாக ஏறுவது அபூர்வம். ஆகவே, 2022 ஜூனில் அமெரிக்க விலைவாசி ஓராண்டில் 9.1 சதவிகிதம் ஏறியபோது, பழைய ஒப்பந்தத்தின் டாலர்கள் கையிலிருக்கும்போதே கரைந்தன. கொள்ளை நோய்க் காலத்தில் கால் பங்குச் சம்பளக் குறைப்புக்கு இசைந்திருந்த நியூயார்க் கலைஞர்கள் பின்னர் பெற்ற முப்பது சதவிகிதத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும்.

பள்ளத்தை நிரப்புவது யார்? அமெரிக்கக் கோஷ்டிகளின் செலவில் டிக்கெட் விற்பனை பாதியைக்கூட ஈடுசெய்வதில்லை. மிச்சம் தனவந்தர்களின் நன்கொடையையும் மூலதன நிதியின் வட்டியையும் நம்பியிருக்கிறது. தனவந்தர்களோ கல்லில் பெயர் பொறிக்கத்தக்க கட்டடத்துக்குக் கொடுப்பதில் காட்டும் உற்சாகத்தை, மாதச் சம்பளத்துக்குக் கொடுப்பதில் காட்டுவதில்லை. மினியாபொலிஸ் நகரில், சுமார் ஐந்து கோடி டாலர் செலவில் இசையரங்கம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில், சராசரிச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் குறைக்கும் யோசனைக்கு இசைய மறுத்த மின்னசோட்டா கோஷ்டிக் கலைஞர்கள் 2012 அக்டோபரில் கதவடைப்புக்கு ஆளானார்கள். பதினைந்து சதவிகிதக் குறைப்பில் சமரசம் ஏற்பட 2014 ஜனவரி ஆயிற்று; இடையில் பிரதான நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செய்தார், கலைஞர் பலர் வேறு ஊர் போனார்கள். சமரசம் ஆன அதே மாதத்தில் அக்கோஷ்டியின் சிபேலியஸ் இசைத்தட்டுக்கு கிராமி பரிசு கிடைத்தது விதியின் விநோதம்.

ஜெர்மனியில் அரசும் நகராட்சிகளும் பெரும்பங்குச் செலவை ஏற்று, சம்பளத்தையும் பொது ஊழியர் சம்பளத்தோடு இணைத்திருக்கின்றன. அங்கும் 1992இல் 168ஆக இருந்த பொதுநிதிக் கோஷ்டிகள் இணைப்பாலும் மூடலாலும் 130 அளவுக்குக் குறைந்துவிட்டன. ஆனால் எஞ்சியவற்றில் கலைஞரின் வீட்டு வாடகை, ஒரு தனவந்தரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லை.

நாற்பது பேர் செய்யும் வேலையை நாலு பேர் செய்துவிடக்கூடிய காலத்தில், எண்பது பேர் சேர்ந்தே செய்யவேண்டிய ஒரு கலையை ஒரு சமூகம் விரும்புகிறதென்றால், அதற்கான விலையும் ஏறிக்கொண்டேதான் போகும். அவ்விலையை வரியாகக் கொடுப்பதா, நன்கொடையாகக் கொடுப்பதா என்று ஒவ்வொரு நகரமும் தீர்மானிக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால், அதைக் கலைஞர் தம் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார் என்பதை மட்டும் மறைக்கலாகாது.