கம்போடியாவுக்கு ஒரு சிக்கன யாத்திரை

வெளிநாட்டு யாத்திரை ஒரு காலத்திற் செல்வர்க்கே உரிய பேறாக இருந்தது. இன்று மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் சிறு வியாபாரியும் ஆயுளில் ஒரு முறையேனும் கடல் கடந்து ஒரு நாட்டைக் கண்டுவர எண்ணுகின்றனர். அவருட் பெரும்பாலோர் இந்தியாவுக்குத் தலயாத்திரை போவர்; சிலர் சிங்கப்பூருக்குப் போவர். இவ்விடங்களுக்குப் போய் வந்தவர் ஊர்தோறும் உளராதலின், கேட்டறிவதற்குக் குறைவில்லை. ஆயின், நம்மவர் அதிகம் சென்றிராத ஒரு நாட்டைக் காண விரும்புபவர் எதிலிருந்து தொடங்குவது? பல ஆண்டுகளாகச் சேமித்த சிறுதொகை வீணாகாமற் காப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்குப் பொதுப்பட விடை கூறுவதிலும், ஒரு நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் நன்று. கம்போடியாவை அவ்வாறு எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செலவைக் குறைத்தல் வேறு. பயனைக் குறைத்தல் வேறு. எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகக் குறைப்பவர் எதையும் செவ்வனே காணாது திரும்புவர். எதைக் காணாது திரும்பினால் மனம் வருந்துமோ, அதனை முதலில் வரையறுத்து, அங்கே தாராளமாகவும் ஏனையவற்றிற் கண்டிப்பாகவும் செலவு செய்வதே சிக்கன யாத்திரையின் இலக்கணம்.

கம்போடியாவிலே நாம் காண வேண்டியது யாது? அந்நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு ஏட்டளவிலானதன்று. கெமர் மொழியின் எழுத்துக்கள், தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து பிறந்தவை. நகரம் என்னும் சொல்லே அங்கே அங்கோர் எனத் திரிந்தது. ஆசிரியரை அம்மக்கள் ‘குரூ’ என்பர். பாடசாலையைக் குறிக்கும் அவர்தம் சொல்லில் நமது ‘சாலை’யின் மூலமாகிய ‘சாலா’ உண்டு. இலங்கையோடும் பழைய தொடர்பு இருந்தது. முதலாம் பராக்கிரமபாகு காலத்தில், இங்கிருந்து காம்போச நாட்டுக்கு அனுப்பப்பட்ட இளவரசியைப் பர்மிய அரசன் கைப்பற்றியமை பர்மாப் படையெடுப்பின் காரணங்களுள் ஒன்றெனச் சூளவமிசம் கூறும். இன்று அந்நாட்டவர் பெரும்பாலும் தேரவாத பௌத்தர். ஆகவே நாம் அங்கு முற்றும் அந்நியராகச் செல்வதில்லை.

இனிக் காலம். நவம்பர் தொடக்கம் பெப்ருவரி வரை வானம் தெளிந்து வெயிலும் தணிந்திருக்கும். அக்காலத்திலேதான் உலகெங்குமிருந்து மக்கள் வந்து குவிவர்; விடுதி வாடகையும் உயரும். ஏப்பிரிலில் வெப்பம் மிகக் கடுமை. அன்றியும், நமது சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலேயே கெமர் மக்களும் புத்தாண்டு கொண்டாடுவராதலின், அந்நாட்களிற் கடைகள் பல பூட்டப்பட்டிருக்கும். பஸ் வண்டிகளில் இடம் கிடைத்தல் அரிது. ஆகஸ்ட் மாதம் மழைக்காலம். ஆயினும் மழை பெரும்பாலும் பிற்பகலிற் பெய்து ஓய்வதாகையால், காலைப் பொழுதைப் பயன்படுத்துவார்க்குத் தடையில்லை. கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. ஆகஸ்ட் விடுமுறையை நம்பியிருக்கும் ஆசிரியர்க்கு இது நற்செய்தியே. மேலும், அக்காலத்தில் ஓர் இயற்கை அற்புதத்தையும் காணலாம். மேகொங் நதி பெருக்கெடுக்கும்போது, தொன்லே சாப் ஆறு தன் போக்கை மாற்றிப் பின்னோக்கி ஓடும். வறட்சியில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றராக ஒடுங்கியிருக்கும் பேரேரி, பெருக்குக் காலத்தில் ஐந்து மடங்கு வரை விரியும்.

காலம் தீர்மானமானபின் பத்திரங்களைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டு, யாத்திரை நாளிலிருந்து ஆறு மாதமேனும் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும். விசாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பயணக் கைந்நூல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. “விமான நிலையத்தில் இறங்கியதும் விசா பெறலாம்” என்று அவை கூறுவது நமது கடவுச்சீட்டுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. இலங்கைக் கடவுச்சீட்டுடையோர் எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும், எவ்வெப் பத்திரங்களைக் காட்ட வேண்டும் என்பதை அந்நாட்டு அரசின் தூதரகத்திடமோ அதிகாரபூர்வ இணையத்தளத்திலோ கேட்டறிந்த பின்னரே விமானச்சீட்டுக்குப் பணம் செலுத்துக. இம்முறை மாறினால் நட்டம் நமதே.

கொழும்பிலிருந்து செல்வோர் வழக்கமாகப் பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்னும் நகரங்களுள் ஒன்றில் விமானம் மாறுவர். இரண்டு கம்பெனிகளிடம் தனித்தனியே சீட்டு வாங்கினாற் பணம் மிச்சமாகும் எனத் தோன்றும். ஆனால், அப்பொழுது இடைநகரிற் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரிடலாம். அதற்கு அந்நாட்டினுள் நுழையும் அநுமதியும் வேண்டியதாகலாம். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது சீட்டு வீண். ஆதலின், சிறிது அதிகமாயினும் ஒரே சீட்டாக வாங்குதல் நடுத்தர வருமானத்தாருக்கு நன்று. கோயில் நகராகிய சியெம் ரீப்பில் இறங்கி, தலைநகராகிய புனொம் பென்னிலிருந்து திரும்புமாறு சீட்டு அமைத்தால், வந்த வழியே மீளும் ஒரு நாட்செலவு மிச்சமாகும். இரு நகரங்களுக்கும் இடையே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தைப் பஸ் வண்டி ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்திற் கடக்கும். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. அது நகரிலிருந்து 40 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பழைய நூல்களை நம்பி, நகருக்கு அருகிலே இறங்குவோம் எனக் கணக்கிடுதல் கூடாது.

பழைய நூல்கள் புகழும் மற்றொரு மலிவான வழி, பாங்கொக்கிலிருந்து தரைமார்க்கமாகச் செல்லும் பஸ் வழி. 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே எல்லையில் ஆயுத மோதல் மூண்டு, தரைக் கடவைகள் மூடப்பட்டன. ஆகையால் இவ்வழியை நம்பித் திட்டமிடாது விமானத்திற் செல்லுதலே அறிவுடைமை. எல்லையோரத்துக் கோயில்களையும் திட்டத்திலிருந்து நீக்கிவிடுக. மலிவு என்பது பாதுகாப்புக்கு விலையாக ஒருபோதும் ஆகலாகாது.

பணத்தைப் பற்றிப் பேசுவோம். கம்போடியாவின் நாணயம் ரியெல். அமெரிக்க டொலரும் தாராளமாக வழங்கும். ஒரு டொலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல் என்று கணக்கிடுவர். டொலரிற் சில்லறைக் காசுகள் அங்கே புழங்குவதில்லையாதலின், மீதியை ரியெலாகக் கொடுப்பர். கிழிந்த, கறை படிந்த டொலர்த் தாள்களை வாங்க மறுப்பர். எனவே வங்கியிற் பெறும்போதே தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 1, 5, 10 டொலர்த் தாள்களாகக் கேட்டு வாங்குக. நமது ரூபாவை அங்கே மாற்றலாம் என்று எண்ண வேண்டாம். மேலும், திட்டத்தை ரூபாவில் அன்றி டொலரிலே இடுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. ரூபாவிற் சேமித்தவருடைய பத்து நாள் யாத்திரை அன்று ஆறு நாளாகச் சுருங்கியிருக்கும்.

இருவர் ஓர் அறையிற் தங்கி, எட்டு நாள் செலவிடுவதாக வைத்து, ஒருவருக்குரிய பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்விசிறியோ குளிரூட்டியோ உள்ள துப்புரவான அறை, இரவுக்கு 25 டொலராயின், பங்கு 100. உணவுக்கு நாளொன்றுக்கு 12 வீதம் 96. அங்கோர் நுழைவுச் சீட்டு 62. ‘ரெமோக்’ எனப்படும் வாடகை வண்டி நான்கு நாளுக்குப் பங்கு 40. அநுமதி பெற்ற வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு 20. பஸ்ஸுக்கு 15, நூதனசாலைகளுக்கு 25, சில்லறைக்கு 50. கூட்டினால் 408 டொலர். விமானச்சீட்டும் விசாவும் காப்புறுதியும் இதற்குப் புறம்பு. விலைகள் மாறுமாதலின், பத்தில் ஒரு பங்கு மேலதிகமாக வைத்துக்கொள்ளுதல் நலம். காப்புறுதியில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. கடுமையான நோயாளரை வேறு நாட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், அச்செலவு ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்திவிடும்.

இக்கணக்கிலே தாராளம் காட்டவேண்டிய இடம் அங்கோர். 2017இலிருந்து நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டொலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சீட்டிலுமிருந்து 2 டொலர் காந்தபோபா சிறுவர் வைத்தியசாலைகளுக்குச் செல்லும். 25 டொலரை மிச்சம் பிடிக்க எண்ணி ஒரு நாட்சீட்டு வாங்குவோர், 400 சதுர கிலோமீற்றர் பரந்த தொல்பூமியை ஓடியோடிப் பார்த்துக் களைத்து, ஒன்றையும் மனத்திற் கொள்ளாது திரும்புவர். மூன்று நாட்சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம்; இடையே ஓய்வும் கொள்ளலாம்.

முதல் நாளை அங்கோர் வாட்டுக்கே ஒதுக்குக. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த இக்கோயில் மேற்கு நோக்கியது. உதயத்தைக் காண அதிகாலையிற் பெருங்கூட்டம் கூடும். ஆனால் மேற்குச் சிற்பங்கள் ஒளிபெறுவது பிற்பகலிலேயாம். மேற்கு மண்டபத்தின் தென்பாகத்திற் குருக்ஷேத்திரப் போர். வடபாகத்தில் இலங்கைப் போர். பத்துத் தலையும் இருபது கையுமுடைய இராவணனை அங்கே காணலாம். கிழக்கு மண்டபத்தில் தேவாசுரர் பாற்கடல் கடைகின்றனர். இராமாயணத்தையும் பாரதத்தையும் இளமையிற் கேட்டு வளர்ந்த ஒருவர், இச்சுவர்களைப் பெரும்பாலும் தாமே படித்துச் செல்லலாம். ஐரோப்பியர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து அறிவதை, நமக்கு நம் பாட்டிமார் இலவசமாகத் தந்துள்ளனர். அறிவே யாத்திரையின் இலேசான மூட்டை; அதற்கு விமானக் கட்டணமும் இல்லை.

இரண்டாம் நாள், ஏழாம் சயவர்மனுடைய கட்டடங்கள்: பெருமுகக் கோபுரங்கள் நிறைந்த பாயொன், தாயின் நினைவாக 1186இல் அமைத்த தா புரோம். பின்னதிலே பெருமரங்களின் வேர்கள் சுவர்களைப் பாம்பெனச் சுற்றிக் கிடக்கின்றன. இங்கு கண்டெடுத்த சாசனம், அவ்வரசன் நாட்டில் 102 ஆதுலர்சாலைகள் இருந்தமையைக் கூறுகின்றது. மூன்றாம் நாள், 967இல் நிறுவப்பட்ட பாந்தியாய் சிரேய். செந்நிறக் கல்லில் மரவேலை போன்ற நுண்மை வாய்ந்த இச்சிவன் கோயில் சற்றுத் தொலைவிலுள்ளதாகையால், வாகனக் கூலியை முன்னரே பேசித் தீர்த்துக்கொள்ளுக. தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்தாதவரை அங்கோர் வாட்டின் மேற்றளத்துக்கு ஏற விடார்.

கோயில்களோடு நின்றுவிடாது, புனொம் பென்னில் ஒரு நாளேனும் தங்குதல் வேண்டும். அங்கே துவோல் சிலெங் என்னும் இடம் உண்டு. அது முன்பு ஒரு பாடசாலை. 1975 ஏப்பிரிலிற் கெமர் ரூஜ் இயக்கத்தார் ஆட்சியைக் கைப்பற்றி, நகர மக்களை வயல்களுக்கு விரட்டினர், நாணயத்தை ஒழித்தனர், பாடசாலைகளை மூடினர். இப்பாடசாலை சிறைக்கூடமாயிற்று. வகுப்பறைகள் செங்கற் சுவர்களாற் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டன. பிள்ளைகள் விளையாடிய மரச்சட்டம் வதைக்கருவி ஆயிற்று. 12,000 பேருக்கு மேல் அங்கு அடைக்கப்பட்டனர். உயிரோடு மீண்டவர் மிகச் சிலர். அச்சிறையின் தலைவன் முன்னாளிற் கணித ஆசிரியனாக இருந்தவன். 1979 சனவரியில் அவ்வாட்சி வீழ்வதற்குள், நாடெங்கும் பதினைந்து முதல் இருபது இலட்சம் மக்கள் வரை மாண்டனர் என்பர். 2025இல் இவ்விடமும் சோயுங் ஏக் கொலைக்களமும் உலக மரபுரிமைத் தலங்களாக ஏற்கப்பட்டன. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர் எவரும் அவ்வகுப்பறைகளில் நின்று, கல்வி மட்டும் மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று எளிதிற் சொல்லமாட்டார். அங்கே உரத்துப் பேசுதலும், சிரித்துக்கொண்டு படம் பிடித்தலும் தகாதன.

அந்நாட்டின் துயரம் முற்றும் பழங்கதையாகிவிடவில்லை. நாட்டுப்புறத்தில் இன்னும் கண்ணிவெடிகள் உள. வன்னியிற் சிவப்புப் பலகைகளைக் கண்டு பழகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை: மிதித்த பாதையை விட்டு விலகலாகாது. மற்றொன்று, கோயில் வாயில்களிற் சிறுவர்கள் அஞ்சலட்டை விற்க வருவர். இரக்கத்தால் வாங்கும் ஒவ்வொரு டொலரும் அச்சிறுவரைப் பாடசாலையிலிருந்து விலக்கிவைக்கும். அநாதை இல்லங்களைக் காட்சிச்சாலைபோற் சுற்றிப் பார்க்க அழைப்பாரும் உளர், அதற்கு இணங்கலாகாது. உதவ விரும்புவோர், பெரியோர் செய்து விற்கும் கைப்பணிப் பொருள்களை வாங்குக.

உணவைப் பற்றி ஒரு சொல். சோறே அவர்தம் முக்கிய உணவு. தேங்காய்ப்பாலும் வாழையிலையும் நமக்குப் புதியனவல்ல. ஆயின் மரக்கறி உணவினர் அவதானமாக இருத்தல் வேண்டும். மீன் நீரும், ‘பிரகொக்’ என்னும் புளித்த மீன்விழுதும் காய்கறிக் கறியிலும் கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மீனும் மீன் நீரும் வேண்டாம் என்று கெமர் மொழியில் எழுதுவித்த ஒரு துண்டைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் பயன்தரும்.

இதுகாறும் கூறியவற்றால், அறியாத நாடு என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை என்பது புலனாகும். நோக்கத்தை முதலில் வகுத்து, பருவத்தைத் தெரிந்து, பத்திரங்களை உரியவரிடம் கேட்டறிந்து, பணத்தை அந்நாட்டு வழக்கில் எண்ணி, புறப்படுமுன் நாலு நல்ல நூல்களைப் படித்துச் செல்பவருக்குச் சிறுதொகையும் பெரும்பயன் தரும். வேறெந்த நாட்டுக்குச் செல்வோருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். விடுதியின் மெத்தையை நாம் மறந்துவிடுவோம். கல்லிலே பத்துத் தலையோடு நிற்கும் இலங்கையர் கோனையும், கரும்பலகை இருந்த சுவரிலே மாட்டப்பட்டிருக்கும் முகங்களையும் மறக்க இயலாது.